கவர்னர் வீட்டு விருந்துக்கு ரொட்டி கொண்டு வாங்க

இன்னைக்கு ஒரு விருந்திலிருந்து ஆரம்பிப்போம். 1790, சிட்னி. கவர்னர் வீட்டில் சாப்பிட அழைப்பு வருது. கூடவே ஒரு கண்டிஷன்: வர்றவங்க அவங்கவங்க ரொட்டியைக் கையோட கொண்டு வரணும்! கஞ்சத்தனம் இல்லைங்க. கவர்னர் வீட்டிலும் கூடுதலா ரொட்டி கிடையாது.

அந்த கவர்னர் ஆர்தர் ஃபிலிப். கடற்படை அதிகாரி. பிரிட்டன் அனுப்பிய 11 கப்பல்களோடு, 700-க்கும் அதிகமான கைதிகளைக் கூட்டிக்கொண்டு, 1788 ஜனவரி 26 அன்று சிட்னியில் இறங்கினார். அவர் கையில் இருந்த அதிகாரத்தைப் பாருங்க. மன்னிப்பு கொடுக்கலாம், நிலம் கொடுக்கலாம், தூக்குத் தண்டனையை உறுதி செய்யலாம். ஆலோசனை சபைன்னு ஒண்ணு கிடையாது. லண்டனுக்குக் கடிதம் போட்டு பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். நம்ம பாஷைல சொன்னா, மொத்த சிஸ்டத்துக்கும் ஒரே ஒரு அட்மின்.

அந்த அட்மின் முதல்ல கை வெச்ச இடம், சாப்பாடு. காவலுக்கு வந்த மரீன் சிப்பாய்க்கும் கைதிக்கும் ஒரே அளவு ரேஷன்னு சொல்லிட்டார். சிப்பாய்க்கு மது மட்டும் தனி. பெண்களுக்கு ஆண்களின் பங்கில் மூணுல ரெண்டு பாகம்தான், அதையும் சொல்லணும். மரீன்களின் தலைவர் மேஜர் ராஸ் கொதிச்சுப் போனார். திருடனும் நாங்களும் ஒண்ணா?

1789 மார்ச்சில் ஒரு விஷயம் வெளிய வந்தது. சில மரீன்கள் கள்ளச்சாவி போட்டு, மாசக்கணக்கா உணவுக் கிடங்கில் திருடியிருக்காங்க. ஆறு பேரைத் தூக்கில் போட்டாங்க. கைதிக்கு என்ன தண்டனையோ, காவலாளிக்கும் அதே.

அப்புறம்தான் உண்மையான பஞ்சம். உணவு ஏற்றி வந்த கார்டியன் கப்பல் பனிப்பாறையில் மோதி, வந்து சேரவே இல்லை. 1790 மார்ச்சில் சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவில் உடைந்தது. ஏப்ரலில் ஒருத்தருக்கு வாரத்துக்கு சுமார் ஒரு கிலோ மாவு, ஒரு கிலோவுக்கும் குறைவான பன்றி இறைச்சி, கொஞ்சம் அரிசி. அந்த அரிசியிலும் புழு. ஃபிலிப் தன் சொந்த மாவு, கிட்டத்தட்ட 150 கிலோ, அதைப் பொதுக் கிடங்குக்குக் கொடுத்துட்டார். எல்லாருக்கும் என்னவோ அதுவே தன் மேசைக்கும் போதும்னார்.

இதோட முடிச்சா அவர் ஹீரோ. ஆனா கதை முடியல.

அந்த மண் இயோரா மக்களுடையது. அவர்களோடு பேச மொழி தெரிஞ்ச ஆள் வேணும்னு, 1789-ல் பென்னலாங் என்பவரைப் பிடிச்சுக் கட்டிக் கொண்டுவரச் சொன்னதும் இதே ஃபிலிப்தான். 1790 செப்டம்பரில் மேன்லி கடற்கரையில் ஃபிலிப் தோளில் ஈட்டி பாய்ஞ்சது. பழிவாங்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். ஆனா டிசம்பரில் அவருடைய வேட்டைக்காரர் மெக்கென்டயரை பெமுல்வுய் ஈட்டியால் குத்தியபோது உத்தரவு வேற மாதிரி வந்தது: ரெண்டு பேரைப் பிடிங்க, பத்துப் பேரைக் கொன்னு தலையைக் கொண்டு வாங்க. குத்தினவன் யாருன்னு தேட வேண்டாம், அந்தக் கூட்டத்தில் யார் கிடைச்சாலும் சரி.

கேப்டன் வாட்கின் டென்ச் பேசிப் பார்த்ததால் பத்து, ஆறாச்சு. தேடிப் போன படை ரெண்டு தடவையும் வெறுங்கையோட திரும்புச்சு. யாரும் சாகலைன்னா அது கவர்னரின் கருணையால் இல்ல, ஆள் கிடைக்காததால்.

என்னை உறுத்துறது இதுதான். மாவைக் கொடுத்ததும் தலையைக் கேட்டதும் ஒரே மனுஷன், ஒரே வருஷம். ரேஷன் வரிசையில் நின்னவங்களுக்கு அவர் நியாயமானவர். வரிசைக்கு வெளியே நின்னவங்களுக்கு அந்தக் கணக்கே இல்லை. "நல்ல கவர்னர் கிடைச்சார்"னு கைதிகள் நிம்மதிப்பட்டிருக்கலாம். ஆனா அவர் மனசு மாறினா தடுக்க அங்கே என்ன இருந்தது? ஒரு கேப்டனின் தயக்கம். அவ்வளவுதான்.

அடுத்த எபிசோடில் பென்னலாங்கைப் பத்திப் பேசுவோம். 1792-ல் ஃபிலிப் ஊர் திரும்பியபோது, அவரும் கூடவே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வர்றேன் மக்களே.