வாங்கப்போவது வேலையா, வெறும் காகிதமா?

(திருவொற்றியூரில் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சில நாட்களுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு துண்டுப் பிரசுரம். 'தீயணைப்பு, பாதுகாப்புப் படிப்பு. நூறு சதவீதம் வளைகுடா வேலை' என்று அதில் அச்சிட்டிருந்தது. "உம்மாவின் வளையலை அடகு வைத்துச் சேரலாமா பாய்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்தத் தொழில் பொய்யானதல்ல. நம் பகுதியைச் சுற்றிப் பாருங்கள். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குகள், எண்ணூரில் துறைமுகம். 2020 இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியபோதுதான், மணலி சரக்குப்பெட்டக நிலையத்தில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் பல ஆண்டுகளாகக் கிடப்பது ஊருக்கே தெரிந்தது. 2023 டிசம்பர் இறுதியில் ஒரு நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். ஆபத்தின் நடுவே வாழும் நாம், அதைத் தடுக்கும் தொழிலைக் கற்பதில் தவறேது?

ஆனால் எந்தப் படிப்பு? எவ்வளவு செலவு? எவ்வளவு வரவு? கடை வைத்திருக்கும் சமுதாயத்துக்குக் கணக்குப் பார்க்கச் சொல்லித் தர வேண்டுமா?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டாண்டுப் படிப்புக்குக் கட்டணம் 80,000 ரூபாய். ராயபுரம் கடையில் மாதம் 12,000 வாங்கும் வேலையை விட்டுவிட்டுச் சேர்கிறீர்கள். இழந்த சம்பளம் 2,88,000. ஆக மொத்தச் செலவு 3,68,000 ரூபாய்! படித்து முடித்து 16,000 சம்பளம் கிடைத்தால் கூடுதல் வரவு மாதம் 4,000தான். போட்ட பணம் திரும்ப ஏழு ஆண்டு எட்டு மாதம் ஆகும். 22,000 கிடைத்தால் மூன்றாண்டுக்குச் சற்று மேல். வேலையை விடாமல் மாலை வகுப்பில் படித்து 16,000 பெற்றாலும் 20 மாதத்தில் கட்டணம் திரும்பிவிடும். பலர் கட்டணத்தை மட்டும் பார்க்கிறார்கள். இழக்கும் சம்பளத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்து, சான்றிதழின் மதிப்பு. ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி நியமனம் சட்டம் கேட்கும் பதவி. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1,000 தொழிலாளர் உள்ள ஆலைக்கு அதை விதித்தது. 2020 இல் இயற்றிய சட்டத்தொகுப்பு அதை 500 ஆகவும், ஆபத்தான தொழில்களுக்கு 250 ஆகவும் குறைத்தது. அதாவது தேவை கூடுகிறது. ஆனால் அந்த நாற்காலியில் ஆறு மாதச் சான்றிதழ் உட்கார வைக்காது. பட்டமோ பொறியியல் பட்டயமோ, அனுபவமும், அதன் மேல் அரசு ஏற்ற தொழில் பாதுகாப்புப் பட்டயமும் வேண்டும். சென்னையிலேயே மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் அப்படியொரு பட்டயப் படிப்பை நடத்துகிறது. பட்டமே வேண்டுமென்றால் நாக்பூரில் தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரியும், கொச்சிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

பணமே இல்லாதவருக்கும் வழி உண்டு. தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் தீயணைப்பாளர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2023 அறிவிப்பின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய்; படிகள் தனி. பயிற்சிக்கு நாம் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. 2007 இல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடும் இதற்குப் பொருந்தும். விண்ணப்பமே போடாமல் இருந்துவிட்டு, இடம் கிடைக்கவில்லை என்று புலம்புவது நியாயமா?

தம்பிகளே, பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். சான்றிதழ் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு வாரியம்? சென்ற ஆண்டு முடித்த பத்துப் பேர் எங்கே வேலை செய்கிறார்கள்? நேரில் நெருப்பை அணைக்கும் பயிற்சி உண்டா, கரும்பலகை மட்டும்தானா? இடையில் விலகினால் பணம் திரும்புமா? பதில் எழுத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வணிகப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1985 இல் மூர் மார்க்கெட் எரிந்து எத்தனை கடைகள் சாம்பலாயின! உங்கள் கிடங்கில் தொங்கும் தீயணைப்புக் குடுவையைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? அதை ஆண்டுதோறும் சோதிப்பதும் நிரப்புவதும் ஒரு தொழில். முறையாகக் கற்ற நம் பிள்ளைகளிடம் அதை ஒப்படையுங்கள். தகுதியான மாணவனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுங்கள். உங்கள் கடையும் பிழைக்கும், ஒரு குடும்பமும் பிழைக்கும்.

அந்தத் தம்பி வளையலை அடகு வைக்கவில்லை. தீயணைப்பாளர் தேர்வுக்குப் படிக்கிறார். விடிகாலையில் கடற்கரையோரம் ஓடிப் பழகுகிறார். நீங்களும் கணக்குப் போடுங்கள். கணக்கு சரியாக வந்தால் துணிந்து சேருங்கள்!