பரிசு பெறும் எருமை கற்பிக்கும் பாடம்

(கால்நடை வளர்ப்பில் ஈடுபட்டுள்ள கிராம இளைஞர்களுக்கு நிகழ்த்தப்பட்ட உரை)



கால்நடைக் காட்சி என்றதும் மக்கள் மனத்தில் தோன்றுவது மாலையும் மேளமும்தான். கொம்புக்கு எண்ணெய் பூசி, மேனி மின்னத் தேய்த்து, கழுத்தில் மணி கட்டப்பட்ட எருமை திடலை வலம் வருகிறது. நடுவர் கையை உயர்த்துகிறார். கூட்டம் ஆரவாரம் செய்கிறது. மறுநாள் செய்தித்தாளில் படம் வெளியாகிறது. இந்தச் சிறிது நேரக் காட்சிக்கு முன்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கேள்வியும் காத்திருக்கிறது. பரிசு பெற்ற எருமை அடுத்து எங்கே போகிறது என்பதே அந்தக் கேள்வி. கால்நடை வளர்ப்பு மனிதனுக்குக் கற்பிக்கும் பாடங்கள் இந்த உழைப்பிலும் இந்தக் கேள்விக்கான விடையிலும் அடங்கியிருக்கின்றன.

இதற்கு எடுத்துக்காட்டாக ஹரியானாவின் முர்ரா எருமையைக் கூறலாம். ரோத்தக், ஹிசார், ஜிந்த் மாவட்டங்கள் இதன் தாயகம். கருநிற மேனியும் இறுகச் சுருண்ட குட்டைக் கொம்புகளும் இதன் அடையாளங்கள். 'கறுப்புத் தங்கம்' என்றே அங்குள்ள உழவர்கள் இதனை அழைக்கின்றனர். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 11 கோடி எருமைகள் இருந்தன. 1950-51-ல் 1.7 கோடி டன்னாக இருந்த நாட்டின் பால் உற்பத்தி 2023-24-ல் ஏறத்தாழ 23.9 கோடி டன்னாக உயர்ந்தது. இதில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கை எருமைகளே அளிக்கின்றன. எனவே நல்ல எருமை ஒன்று ஒரு வீட்டின் சொத்து மட்டுமன்று. நாட்டின் செல்வமும் ஆகும்.

கன்றிலிருந்து தொடங்கும் கணக்கு

போட்டி திடலில் தொடங்குவதில்லை. கன்று தரையில் விழும் நள்ளிரவிலேயே தொடங்கிவிடுகிறது. பிறந்த கன்றுக்கு நோயை எதிர்க்கும் ஆற்றல் தாயின் சீம்பாலிலிருந்தே கிடைக்கிறது. முதல் ஓரிரு மணி நேரத்திற்குள் சீம்பால் புகட்டப்பட வேண்டும். நேரம் செல்லச் செல்ல, அந்த எதிர்ப்புப் பொருள்களைக் குடலிலிருந்து ஈர்த்துக்கொள்ளும் திறன் கன்றுக்குக் குறைந்துவிடும். ஏறத்தாழ ஒரு நாளுக்குப் பின் எவ்வளவு புகட்டினாலும் அந்தப் பயன் கிட்டாது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் என்பது பொதுவான அளவு. 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு 3 லிட்டர் தேவைப்படும். அடுத்து, தாய்ப்பால் வழியாகவே எருமைக் கன்றின் குடலுக்குள் உருண்டைப் புழுக்கள் சென்றுவிடுவதால், பத்து நாள் ஆனதும் புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டியுள்ளது.

இவற்றைச் செய்தவரை அன்று யாரும் பாராட்டுவதில்லை. செய்யாதவரை அன்று யாரும் குறை கூறுவதுமில்லை. கன்று கிடேரியாகி, சினைப்பட்டு, தலையீற்று ஈனுவதற்கு மூன்றரை முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அப்போதுதான் அந்த முதல் இரவின் கணக்கு வெளியே வருகிறது. வேலைக்கும் பலனுக்கும் இடையே இவ்வளவு நீண்ட இடைவெளி உள்ள தொழிலில், எவரும் பார்க்காத வேளையிலும் செய்ய வேண்டியதைச் செய்யும் பழக்கமே முதற்பாடம்.

இங்கு ஒரு குறையையும் மறைத்தல் கூடாது. கிடேரிக் கன்றுக்குக் கிடைக்கும் கவனிப்பு கடாக்கன்றுக்குப் பல வீடுகளில் கிடைப்பதில்லை. விற்பதற்குரிய பால் குறைந்துவிடும் என்று அதன் பங்கை வெட்டுகிறார்கள். நாளைய சிறந்த பொலிகடா இவ்வாறு பட்டினியால் மடிந்துபோன கன்றுகளுள் ஒன்றாக இருந்திருக்கக்கூடும். எதிலிருந்து எது வரும் என்று முன்கூட்டி அறிய இயலாதபோது, எளியதையும் புறக்கணியாமல் வளர்ப்பதே அறிவுடைமை.

கண்ணால் கேட்கும் கல்வி

எருமை வளர்ப்பில் கைதேர்ந்தவர்களையும் திகைக்க வைப்பது அதன் பருவ அறிகுறி. பசு பருவத்திற்கு வந்தால் கத்தும்; மற்ற மாடுகள் மீது தாவும். எருமையோ பெரும்பாலும் ஓசையின்றி இருந்துவிடும். கோடையில் இது இன்னும் மிகுதி. 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவத்தைத் தவறவிட்டால் மேலும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாள்களுக்கெல்லாம் தீவனச் செலவு உண்டு, வரவு இல்லை. பிறகு சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள்.

இதற்கு மருந்து விலையுயர்ந்த கருவி அன்று. விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் தொழுவத்தில் நின்று கவனித்தலே ஆகும். அடிக்கடி சிறுநீர் கழித்தல், கண்ணாடி போன்ற வழுவழுப்பான ஒழுக்கு, தீனியில் நாட்டக் குறைவு, கறவையில் சிறு சரிவு ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்து, நாளைக் குறித்து வைக்க வேண்டும். பேசாத உயிரின் தேவையை அறிந்துகொள்ளப் பழகியவன், வீட்டிலும் ஊரிலும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் எளியவர்களின் தேவையையும் எளிதில் உணர்வான்.

போட்டிக்கு முந்திய மாலை

கறவைப் போட்டியில் வெளியூரார் அதிகம் அறியாத ஒரு விதி உண்டு. போட்டி தொடங்குவதற்கு முந்திய வேளையில் எருமையின் மடியை நடுவர்கள் முன்னிலையில் ஒட்டக் கறந்துவிடுகிறார்கள். அந்தப் பால் கணக்கில் சேராது. அதன்பின் வரும் கறவைகளே குறித்த நேரத்தில் கறக்கப்பட்டு எடை போடப்படுகின்றன. முதல் நாளெல்லாம் கறவாமல் தேக்கி வைத்துப் போட்டியன்று குடம் நிரப்பிக் காட்டும் தந்திரத்தை இந்த விதி தடுத்துவிடுகிறது. எல்லோருடைய எருமையும் காலி மடியோடுதான் தொடங்க வேண்டும். நேர்மையான அளவீடு எதற்கும் இதுவே இலக்கணம்.

வேறொரு தந்திரம் இதைவிடக் கொடியது. பால் இறங்குவதற்காக ஆக்ஸிடோசின் ஊசி போடும் வழக்கம் பல இடங்களில் பரவியது. கறவை மாட்டின் உடல்நலத்துக்குக் கேடு தரும் வகையில் பாலைப் பெருக்க ஊசி போடுவதை 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே குற்றமாக்கியுள்ளது. உண்மையில் அந்தச் சுரப்பு எருமையின் உடலிலேயே இயற்கையாக உண்டாவது. கன்றின் முட்டலும் பழகிய கையின் தொடுகையும் அதனைத் தூண்டுகின்றன. அச்சமும் கூச்சலும் அடியும் அதனைத் தடுக்கின்றன. புதிய இடத்தில், ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கும் கூட்டத்துக்கும் நடுவே எருமை பாலை அடக்கிக்கொள்வதன் காரணம் இதுவே. நாள்தோறும் அதட்டி வளர்த்தவர் போட்டியன்று மட்டும் தடவிக் கொடுப்பதனால் பயனில்லை. எருமை அவரை நம்புவதில்லை. நம்பிக்கையை ஒரே நாளில் ஈட்டிவிட முடியாது என்பதை மடியிலிருந்து இறங்காத பால் உணர்த்துகிறது.

தோல்வியும் ஒரு ஆசிரியரே. திடலில் நடுவர் எருமையின் மடியமைப்பு, காம்புகளின் இடைவெளி, கால்களின் உறுதி, உடலின் நீளம், மார்பின் அகலம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டுக் காரணத்தையும் கூறுகிறார். தன் எருமையின் காம்புகள் நெருக்கமாக இருப்பதை உரியவர் நெடுநாளாகக் கண்டும் காணாதிருந்திருக்கலாம். முதல் பரிசு பெற்ற எருமையின் அருகே தன் எருமையை நிறுத்தும்போது அது கண்ணுக்குத் தெரிகிறது. கோபத்தோடு திரும்புகிறவர் அடுத்த ஆண்டும் அதே குறையோடு வருவார். குறையைக் கேட்டறிந்து திரும்புகிறவரோ, அதனைச் சீர்செய்யும் பொலிகடாவின் உறைவிந்தைத் தேடிச் செல்வார்.

பரிசுக்குப் பின்

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். பரிசு பெற்ற மறுநாளே தரகர்கள் வாசலுக்கு வருகிறார்கள். விலை பல மடங்கு ஏறுகிறது. மகளுக்குத் திருமணமோ, கடனுக்குத் தவணையோ நெருங்கியுள்ள வீட்டில் அந்தத் தொகையை மறுப்பது எளிதன்று. எருமை லாரியில் ஏறுகிறது.

நெடுங்காலமாக ஹரியானாவின் சிறந்த எருமைகள் இவ்வாறே பெருநகரங்களின் தொழுவங்களுக்குச் சென்றன. பம்பாய் நகருக்குள் நெருக்கமாக இருந்த எருமைத் தொழுவங்களை வெளியே கொண்டுசெல்வதற்காகவே 1949-ல் ஆரே பால் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. நகரத்தில் இடமும் தீவனமும் அருமை. ஆதலால் பால் வற்றிய எருமையை மீண்டும் சினைப்படுத்திக் காத்திருக்காமல் கழித்துவிடும் வழக்கம் நகரத் தொழுவங்களில் இருந்தது. கன்றும் பிழைப்பதில்லை. பல தலைமுறைத் தேர்வினால் உருவான ஒரு வமிசம் ஒரே கறவைக் காலத்தோடு முடிந்துபோயிற்று. எது சிறந்ததோ அதுவே முதலில் அழிந்தது என்பதுதான் இதிலுள்ள துயரம். பரிசே அதன் விலையை உயர்த்தி, அழிவுக்கும் வழிகோலியது.

இதனை உணர்ந்தே, மிகுந்த பால் தரும் முர்ரா எருமைகளைக் கண்டறிந்து, பாலை அளந்து, உரியவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கும் முறையை ஹரியானா அரசு கையாண்டது. நல்ல எருமை ஊரிலேயே தங்க வேண்டும், அதன் கடாக்கன்று பொலிகடாவாக வளர வேண்டும் என்பது இதன் நோக்கம். ஆயினும் ஊக்கத்தொகைக்கும் தரகர் தரும் விலைக்கும் உள்ள இடைவெளியை அரசு மட்டுமே நிரப்பிவிட முடியாது. கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகப் பாலுக்கு நியாய விலை கிடைத்தல், கால்நடைக் காப்பீடு, அவசரத்திற்குக் கைகொடுக்கும் கடன் வசதி ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஏழை உழவன் 'விற்கமாட்டேன்' என்று சொல்ல முடியும். விற்காமலிருக்கும் மனவுறுதி பாராட்டத்தக்கது. அந்த உறுதிக்குப் பொருளாதாரத் துணை வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

கடாவின் பெருமைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கோடி ரூபாய் விலை பேசப்பட்ட கடாக்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன. ஆனால் கடாவின் உண்மையான மதிப்பு அதன் உருவத்தில் இல்லை. அதன் மகள்கள் தரும் பாலில் இருக்கிறது. மூன்று வயதுக் கடாவின் விந்தினால் கருவான கிடேரி பிறந்து, வளர்ந்து, ஈன்று, ஒரு கறவைக் காலத்தை முடிக்கும்போது அந்தக் கடாவுக்கு எட்டு அல்லது ஒன்பது வயது ஆகியிருக்கும். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிரில் காக்கப்படும் உறைவிந்து இந்தக் காத்திருப்பைச் சாத்தியமாக்குகிறது. ஒருவருடைய தகுதிக்கு அடுத்த தலைமுறையே சான்று என்பது கால்நடைக்கு மட்டும் உரிய விதியன்று.

ஊரோடு கூடிய நலம்

தன் தொழுவத்தைத் தூய்மையாக வைத்திருப்பவரும் அண்டை வீட்டு நோயிலிருந்து தப்ப முடியாது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் முதலிய மாநிலங்களில் தோல் கழலை நோய் பரவிப் பெருந்தொகையான பசுக்கள் மாண்டன. அந்த ஆண்டு புகழ்பெற்ற புஷ்கர் விழாவில் கால்நடைச் சந்தை நடைபெறவில்லை. ஓராண்டு முழுதும் போட்டிக்காக வளர்த்தவர்கள் தத்தம் ஊரிலேயே இருந்துவிட நேர்ந்தது. அந்தக் கட்டுப்பாடு கடுமையானதுதான். எனினும் திடலில் ஓரிடத்தில் கூடும் கால்நடைகள் நோயைப் பல மாவட்டங்களுக்கு எடுத்துச் செல்லக்கூடும் என்பதால் அது தேவையாயிற்று. மாட்டு வெக்கை நோயற்ற நாடாக இந்தியா 2006-ல் அறிவிக்கப்பட்டதும், 2011-ல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதும் ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டதன் விளைவே. கோமாரி நோய்க்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடப்படும் தடுப்பூசியைத் தன் எருமைக்கு மட்டும் போட்டு நிறைவடைபவர் பாதி வேலையே செய்தவராவார்.

கடைசியாக ஒன்று கூறவேண்டும். விடியுமுன் எழுந்து சாணம் அள்ளுவதும், பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் ஊறவைப்பதும், பருவ அறிகுறியை முதலில் காண்பதும், கன்றுக்குச் சீம்பால் புகட்டுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. திடலில் கயிற்றைப் பிடித்து நடப்பவரோ ஆண். சான்றிதழில் எழுதப்படுவதும் அவர் பெயரே. எருமைக்கு இந்த வேறுபாடு தெரியும். கூட்டத்தில் மிரண்டு நிற்கும்போது அது தேடுவது, தனக்கு நாள்தோறும் தீனி வைக்கும் குரலைத்தான். போட்டி நடத்துவோர் வளர்த்தவர் பெயரையும் பதிவேட்டில் ஒரு வரியாகச் சேர்த்தால், அது செலவில்லாத சீர்திருத்தமாகும். சங்கத்தின் பால் கணக்கும் அவர் பெயரில் இருக்குமாயின் இன்னும் நன்று.

இளைஞர்களே! கால்நடைக் காட்சி ஆண்டில் ஒரு நாள். தொழுவமோ ஆண்டு முழுதும் நடக்கும் பள்ளி. கவனித்தல், காத்திருத்தல், காலி மடியோடு தொடங்கும் நேர்மை, குறையை ஏற்கும் மனம், அண்டை அயலாரின் நலத்தில் தன் நலத்தைக் காணுதல் ஆகியவை அங்குக் கற்கப்படுகின்றன. பரிசு பெற்ற எருமை மாலையோடு அதே வாசலுக்குத் திரும்பி, அடுத்த ஈற்றுக்கும் அங்கேயே கட்டப்பட்டிருக்குமாயின் அந்தப் பள்ளி வெற்றி பெற்றது எனலாம். அதன் கன்று அதே கைகளில் வளரட்டும்.