தொலைவில் உள்ள ஏடும் கையில் உள்ள படியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், திருவண்ணாமலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அருணகிரிநாதரோடு இணைத்துப் போற்றப்பெறும் இத்திருநகரில் ஏடுகளைப் பற்றிய பேச்சு எழுவது இயல்பே. அவர் அருளிய திருப்புகழ்ப் பாடல்கள் ஓரிடத்தில் தொகுதியாகக் கிடைக்கவில்லை. பல ஊர்களில், பலர் வீடுகளில் சிதறிக் கிடந்தன. மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய வ.த. சுப்பிரமணிய பிள்ளை அவற்றைத் தேடித் திரட்டி, ஒப்பிட்டு, 1894-இல் முதற் பகுதியை அச்சேற்றினார். அதற்கு ஏழாண்டுகள் முன்னர், 1887-இல், உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்திருந்தது. அதுவும் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பதிப்பே.

இருவர்க்கும் நேர்ந்த இடர் ஒன்று. மூல ஏடு ஓரிடத்தில் இருக்கும். ஆராய்பவர் வேறிடத்தில் இருப்பார். ஐயம் எழும்போதெல்லாம் ஏடு இருக்கும் ஊருக்குப் பயணம் போக இயலாது. படியெடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் வேலை விரையும். ஆனால் அப்படி மூலத்தினின்று மாறுபட்டிருந்தால் பிழையும் அதே விரைவில் பரவும். இன்று கணிப்பொறியில் எழுதுவோரும் இதே இடரைத்தான் வேறு உருவில் சந்திக்கின்றனர்.

1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தை இங்கு நினைத்தல் தகும். பல நாடுகளில் வாழும் தமிழர் தத்தம் வீட்டிலிருந்தே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டனர். வேறொருவர் பிழை திருத்தினார். இவ்வாறு பலர் கைபடும் கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து காக்கும் முறையைப் ‘பதிப்புக் கட்டுப்பாடு’ என்பர். 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்டு இதற்கு ஒரு கருவி செய்தார். 1982-இல் வால்டர் டிஷி மற்றொன்று செய்தார். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ இன்று பெருவழக்காக உள்ளது.

கோப்பு தொலைவில் உள்ள கணிப்பொறியில் இருந்தால் என்ன நேர்கிறது? ‘ஈமேக்ஸ்’ என்னும் எழுது கருவியோடு சேர்ந்த ‘டிராம்ப்’ இதற்கு நல்ல சான்று. காய் குரோஸ்யோகான் 1998-இல் தொடங்கிய இத்துணைக் கருவி, தொலைவிலுள்ள கோப்பை அருகிலுள்ள கோப்பு போலவே திறந்து காட்டும். எழுதுபவர்க்கு வேற்றுமை தெரியாது. காத்திருக்கும் நேரம் மட்டும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கோப்பைத் திறக்கும்போது கருவி பல கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்கிறது. இக்கோப்பு உள்ளதா? எழுத இசைவு உண்டா? எப்போது மாற்றப்பட்டது? எந்தப் பதிப்புக் கட்டுப்பாட்டின் கீழ் உள்ளது? கடைசிக் கேள்விக்கு விடை காண, தனக்குத் தெரிந்த முறைகள் ஒவ்வொன்றின் அடையாளத்தையும் அது தேடும். சில முறைகளுக்கு அந்த அடைவில் மட்டும் பார்த்தால் போதும். சிலவற்றுக்கு மேலடைவு, அதற்கும் மேலடைவு என ஏறிப் பார்க்க வேண்டும்.

தன் கணிப்பொறியிலேயே இவையெல்லாம் நடந்தால் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. தொலைவு வந்தால் கணக்கு மாறுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் கீழைக் கரை 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கேள்வி போய் விடை திரும்ப, ஒளியே ஓடினாலும் நொடியில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். நடைமுறையில் கால் நொடி என்று வைத்துக்கொள்வோம். நாற்பது கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் பத்து நொடி கழிந்துவிடும். கம்பியின் அகலத்தைக் கூட்டினாலும் இக்காத்திருப்பு குறையாது. கேள்விகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும்.

அதற்கு வழிகள் உண்டு. ‘கிட்’ ஒன்றையே பயன்படுத்துவோர், மற்ற முறைகளைத் தேடவேண்டா என்று கருவிக்குச் சொல்லிவிடலாம். மற்றொரு வழி, ஒருமுறை பெற்ற விடையைக் கையில் வைத்துக்கொள்வது. இதனைக் கணிப்பொறியாளர் ‘கேஷ்’ என்பர். தமிழில் ‘இடைச்சேமிப்பு’ எனலாம். டிராம்பின் இயல்பான அமைப்பில் இவ்வாறு சேமித்த விடை பத்து நொடி வரை செல்லும். பிறகு புதிதாகக் கேட்கப்படும். எப்போதும் சேமிப்பையே நம்பு என்றும், ஒருபோதும் நம்பாதே என்றும் மாற்றி அமைக்கலாம். முதலாவது விரைவு தரும். ஆனால் கோப்பை வேறு எவரும் தொடாத இடத்திற்கே அது பொருந்தும். இரண்டாவது பழைய விடைக்கு இடம் தராது. ஆனால் ஆமை வேகத்தில் நகரும்.

கார்த்திகைத் தீபத்தன்று இவ்வூர் மக்கள் செய்வது இதற்கு விளக்கம் தரும். 2,668 அடி உயர மலைமேல் சுடர் தெரிந்ததும் இல்லந்தோறும் விளக்கேற்றுகின்றனர். செய்தி அறிய எவரும் மலை ஏறுவதில்லை. நிமிர்ந்து பார்த்தாலே போதும். நல்ல எழுது கருவியும் அவ்வாறே, சேமிக்கும் முன் முழுக் கோப்பையும் மீண்டும் கொணர்வதில்லை. அது கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை மட்டும் பார்க்கிறது. தான் திறந்தபோது இருந்த நேரத்தோடு அது ஒவ்வாவிடில் ‘இடையில் எவரோ திருத்தியுள்ளார்’ என்று எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்துபவர், மற்றொருவரின் ஒருநாள் உழைப்பைத் தம் பழைய படியால் மூடிவிடுகிறார்.

‘கிட்’ இன்னும் ஒருபடி மேலே போகிறது. அது விடைகளை மட்டுமன்றி, வரலாறு முழுவதையும் ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் படியாக வைக்கிறது. திருத்தம் அனைத்தும் வீட்டிலேயே நடக்கும். இணைக்கும்போது மட்டும் தொலைவு குறுக்கிடும். இருவர் ஒரே அடியை இருவிதமாகத் திருத்தியிருந்தால், எது சரி என்று கருவி தானே தீர்ப்பதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டி நின்றுவிடுகிறது. பாடவேறுபாட்டைக் கண்ட பதிப்பாசிரியர் போல மனிதரே அங்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இலக்கிய வட்டங்கள் தம் உறுப்பினர் கவிதைகளைத் தொகுத்து நூலாக்கும் காலம் இது. ஒருவர் இவ்வூரில் இருப்பார். மற்றவர் சிங்கப்பூரில் இருப்பார். ஒற்று ஒன்று நீங்கினாலும் கவிதையின் பொருள் திரிந்துவிடும். ஆகவே தொகுப்பாளர்க்கு மூன்று நெறிகள் இன்றியமையாதன: திருத்தத் தொடங்கும் முன் புதிய படியைப் பெறுதல்; திருத்தியபின் காரணத்தை ஒரு வரியில் குறித்து உடனே அனுப்புதல்; முரண்பாடு காட்டப்பட்டால் கவிதை எழுதியவரைக் கேட்டுப் பாடத்தைத் தேர்தல். அந்நாளில் ஏட்டை எழுதியவர் மறைந்த பிறகே பதிப்பாசிரியர் வந்து சேர்ந்தார். ஐயத்தைக் கேட்க ஆளில்லை. இன்று எழுதியவர் மறுமுனையில் விடைசொல்லக் காத்திருக்கிறார்.