வலை அவர்களுடையது

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா. அங்கே அன்னைக்குக் கொசுவலை நிவாரணமாக வந்து இறங்கினதல்ல. சந்தையில் துணி வாங்கி, ஊர்த் தையல்காரரிடம் தைத்து, காலங்காலமா கட்டிப் படுத்த சனம். மலேரியாவைத் தடுக்க 1992இல் அரசு புது வலை கொடுக்கவில்லை. கொசுவைக் கொல்லும் பெர்மெத்ரின் மருந்தை ஊருக்கு அனுப்பியது. பொம்பளைங்க தங்கள் வலையை முக்கி எடுத்தார்கள். முதல் வருசம் இலவசம். அந்த ஊர்களில் ஒன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் சாவு கால் பங்கு குறைந்தது. மறுவருசம் மருந்துக்கு விலை வைத்தார்கள். முக்கின வலைகள் மளமளன்னு குறைஞ்சு போச்சு.

'ஓசின்னா சனத்துக்கு அருமை தெரியாது' — வங்கியில் பக்கத்து மேசைக்காரர் எனக்குத் தினமும் சொல்கிற பாடம். சொந்தக் காசில் வலை தைத்தவளுக்கா அருமை தெரியாது? மழைக்கு முன்னால், தானியம் தீர்ந்து கை வறண்ட மாசத்தில் போய் விலை கேட்டிருக்கிறார்கள்.