நோயுற்றோரைப் பேணலும் நன்றியறிதலும்

(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்று உடல் தேறிவரும் காலத்தில் நம்பிக்கையும் நன்றியும் எவ்வாறு துணை நிற்கின்றன என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். மருத்துவமனைக்கும் அறநூலுக்கும் இடையே ஒரு பாலம் போடும் பணி இது. அந்தப் பாலத்திற்கு முதற்கல்லை மதுரை மலைகளிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

மாங்குளம், அரிட்டாபட்டி, திருப்பரங்குன்றம், ஆனைமலை, அழகர்மலை, கீழக்குயில்குடிச் சமணர்மலை என இந்நகரைச் சூழ்ந்த குன்றுகள் யாவும் நம் முனிவர்களின் உறைவிடங்களாக இருந்தவை. மாங்குளத்திலும் அழகர்மலையிலும் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உடையவை. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகர், பாணித வணிகர், கொழு வணிகர், பொற்கொல்லர் ஆகியோரைக் காண்கிறோம். உப்பும் வெல்லப்பாகும் ஏர்க்கொழுவும் விற்ற எளிய இல்லறத்தார், துறவிகள் மழையில் நனையாமல் உறங்குவதற்கு இடம் அமைத்துக் கொடுத்தார்கள். தந்தவர் பெயரைக் கல் இன்றும் மறக்கவில்லை. நன்றியறிதல் நம் சமூகத்தில் அவ்வளவு பழமையானது.

இனி நோய்க்கு வருவோம். இந்தியாவில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1983 மார்ச் மாதம் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் மருத்துவர் சுரேஷ் அத்வானி அவர்களால் செய்யப்பட்டது. இரத்தப் புற்றுநோயுற்ற ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவளுடைய உடன்பிறந்தவனே மஜ்ஜை ஈந்தான். அந்த மருத்துவர் இளம்பிள்ளை வாதத்தால் சிறுவயதிலேயே நடக்கும் ஆற்றலை இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே பணிபுரிந்தவர் என்பதை இங்குள்ள இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு அணுக்கமான வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் இச்சிகிச்சை தொடங்கியது.

இது அறுவை சிகிச்சை அன்று. முதலில் கடுமையான மருந்துகளால் நோயாளியின் பழுதுற்ற மஜ்ஜை அழிக்கப்படுகிறது. பின்னர், கொடையாளரின் குருத்தணுக்கள் இரத்தம் ஏற்றுவது போலவே உடலுக்குள் செலுத்தப்படுகின்றன. அந்த நாளை மருத்துவர்கள் பூச்சிய நாள் என்பர். அங்கிருந்து ஒன்று, இரண்டு என எண்ணிக்கை தொடங்கும். புதிய அணுக்கள் வேரூன்றச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சிறு காய்ச்சலும் பெரும் பகை. கொடையாளரின் இரத்த வகை வேறாக இருந்தால் நோயாளியின் இரத்த வகையே மாறிவிடும். குழந்தைப் பருவத்தில் இட்ட தடுப்பூசிகளை மீண்டும் இட வேண்டியிருக்கும். ஒரே பிறவிக்குள் உடல் இன்னொரு முறை பிறக்கிறது எனலாம்.

முதல் நூறு நாள் மிகுந்த காவலுக்கு உரியது. காய்ச்சி ஆறிய நீர், அப்போதே சமைத்த உணவு என்பன நம் இல்லங்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் மூன்று செய்திகள் நம்மவர் மனத்தை வருத்துகின்றன. கூட்டம் கூடும் ஆலயத்திற்குச் செல்ல இயலாது. மலர் அருகில் வரலாகாது. உண்ணா நோன்பு நோற்கலாகாது. பருவ நாளில் ஒருவேளை உணவும் விடாமல் உண்ண வேண்டிய நிலை வந்தால், அறம் தவறினோமோ என்று பெரியவர்கள் கலங்குவது இயல்பே.

அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சமந்தபத்திர ஆசாரியரின் வரலாறு. காஞ்சியோடு தொடர்புடைய அம்மாமுனிவருக்கு, எவ்வளவு உண்டாலும் பசி தீராத பஸ்மக நோய் வந்தது என்று நம் மரபு கூறுகிறது. துறவியின் ஒழுக்கம் குலையுமே என்று அஞ்சிய அவர், சல்லேகனை நோற்று உடல் துறக்கத் தம் குருவிடம் இசைவு வேண்டினார். குரு இசையவில்லை. இவரால் அறம் ஓங்க வேண்டியிருக்கிறது, முதலில் நோயைத் தீர்த்துக்கொள் என்று பணித்தார். ஆசாரியர் துறவுக் கோலத்தைத் தற்காலிகமாக நீக்கி, உணவு பெற்று, நோய் தீர்ந்து, மீண்டும் துறவு ஏற்றார். மருந்துண்பதும் உடலைப் பேணுவதும் நம்பிக்கைக்கு மாறானவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நோயைப் பொறுத்தல் இருபத்திரண்டு பரீஷகங்களுள் ஒன்று. கட்டிலில் கிடந்தபடி கலங்காதிருப்பவர் நோன்பாளியே.

இன்னொரு வினா இதைவிடக் கடினமானது. எந்தத் தீவினையால் இந்நோய் வந்தது என்று பார்க்க வருவோர் கேட்டுவிடுகிறார்கள். அசாதா வேதனீயம் நம் நூல்களில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வினைக் கொள்கை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே ஆராய்வதற்குத் தரப்பட்ட விளக்கு. பிறர் முகத்தில் பிடிப்பதற்கு அன்று. முயற்சியால் வினையின் பயன் மாறவும் குறையவும் கூடும் என்றும் அதே நூல்கள் கூறுகின்றன. நோயாளியின் கட்டிலருகே அந்த இரண்டாம் பகுதியைப் பேசுங்கள்.

அப்படியாயின் நலம் பெற்றவர் யாருக்கு நன்றி சொல்வது? நம் இறைவன் வீதராகன். விருப்பு வெறுப்பு அற்றவன். ஒருவருக்கு உயிர் தந்து மற்றொருவருக்கு மறுப்பவன் அல்லன். பிழைத்தவரின் வேண்டுதல் பலித்தது என்போமானால், பிழைக்காதவரின் நம்பிக்கை பொய்த்தது என்றாகிவிடும். இச்சிகிச்சைக்குப் பின்னும் மீளாதவர் உண்டு. அவர்தம் பெற்றோரும் இதுபோன்ற அவைகளில் அமர்ந்திருப்பர். அவர்கள் முன் அத்தகைய சொல்லைச் சொல்லலாகாது. அருகனை வணங்குவது மனம் அமைதி பெறுவதற்கும் அவன் குணங்களை நினைவதற்கும் ஆகும். நன்றியோ, உயிர்களை நோக்கிப் பாய வேண்டியது. உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாவது இயல்பு என்பது நம் தத்துவம். குருத்தணு ஈந்தவர், இரத்தமும் தட்டணுவும் ஈந்த முகமறியாதோர், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர், அறையைத் துடைத்துத் தூய்மை காத்த பணியாளர் ஆகிய அனைவரும் அந்தத் துணைகள்.

அந்த நன்றியைச் செயலாக்க வழி என்ன? சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், சிராவகர் ஆற்ற வேண்டிய பணிவிடையாகிய வையாவிருத்தியத்தைக் கூறும்போது உணவு, மருந்து, கருவிகள், உறைவிடம் என்னும் நான்கு கொடைகளைக் குறிக்கிறார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்கள் அறிந்த நூல். இக்கொடைகள் முதன்மையாகத் துறவிகளுக்கு உரியவை. எனினும் துன்புற்ற எவர்க்கும் கருணையால் ஈவதை நம் அறம் போற்றுகிறது. அழகர்மலை வணிகர்கள் செய்தது உறைவிடக் கொடை. இன்று மாற்று சிகிச்சைக்காக ஊரை விட்டு வந்து, மருத்துவமனைக்கு அருகிலேயே மூன்று மாதம் தங்க வேண்டிய குடும்பத்திற்குத் தூய்மையான ஓர் அறையும் நம் முறைப்படி சமைத்த உணவும் கிடைப்பது அரிது. சென்னையிலோ வேலூரிலோ அத்தகைய ஓர் அறையை ஏற்படுத்துவது கற்படுக்கை வெட்டிய அறத்தின் தொடர்ச்சியே ஆகும்.

நிறைவாக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் அணுக்களோடு பொருந்த வேண்டும். உடன்பிறந்தவர் ஒருவருடையது முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பெற்றோரிடமிருந்து பாதிப் பொருத்தத்துடன் பெறும் முறை இன்று உண்டு எனினும், முழுப் பொருத்தமுள்ள ஒருவரைத் தேடும் தேவை குறையவில்லை. அப்பொருத்தம் ஒரே மரபினரிடையே கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. நாமோ சிறிய சமூகம். நமக்குள்ளேயே மணஉறவு கொண்டு வந்தவர்கள். நம் வீட்டுக் குழந்தைக்குப் பொருந்தும் அணு நம்மவர் ஒருவரிடமே இருக்கக்கூடும். அவர் பதிவு செய்யாவிட்டால் அதை யார் அறிவர்? 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற பதிவகங்களில், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தே பதியலாம். பொருத்தம் அமைந்தால் ஐந்து நாள் ஊசி, பின்னர்ச் சில மணி நேரம் இரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தெடுத்தல், பெரும்பாலும் அவ்வளவே. ஈந்ததைச் சில வாரங்களில் உடல் மீண்டும் ஆக்கிக்கொள்ளும். எவ்வுயிர்க்கும் ஊறின்றி ஓருயிரின் அச்சம் தீர்ப்பதால் இது அபயதானம்.

இக்கொடையில் ஈந்தவர் பெயரை ஏற்றவர் தொடக்கத்தில் அறிவதில்லை, கல்வெட்டும் இல்லை. அறியாதவர்க்கு ஈவதே பற்றின்மைக்கு அணுக்கமான ஈகை. விழா முடிந்து இல்லம் திரும்பியதும் குடும்பத்தோடு அமர்ந்து இதைப் பற்றிப் பேசுங்கள். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளிடம் முதலில் பேசுங்கள்.

எல்லா உயிரும் நலம் பெறுக. அறம் ஓங்குக.