சாரல் எதுவரை எட்டும்?

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வழிசொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தென்காசிப் பக்கம் குடிவருகிறவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் குறைவு. இன்றைய உரை அவர்களுக்காக.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம், எஸ்.பி. அலுவலகம் என்று ஒவ்வொன்றாக வந்தன. கூடவே மாற்றல் உத்தரவோடு குடும்பங்களும் வந்து இறங்கின. அதற்குச் சில வருஷம் முன்னாலேயே, 2011-இல் ஜோஹோ நிறுவனம் இந்தப் பக்கம் கிளை தொடங்கியிருந்தது. மத்தளம்பாறை என்ற சின்ன ஊரின் பெயர் சென்னைக்காரர்களுக்கும் பழகிப்போனது அப்படித்தான். போதாததற்கு, வேலைக்காலமெல்லாம் பம்பாயிலும் டில்லியிலும் கழித்துவிட்டு ஓய்வுபெற்றுத் திரும்புகிற நம் ஊர்க்காரர்கள். எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: வீடு எங்கே பார்க்கலாம்?

வேறு ஊர் என்றால் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பஸ் வருமா, தண்ணீர் உப்பா என்று கேட்டால் போதும். இங்கே அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, சாரல் எதுவரை எட்டும் என்பதை.

ஜூன் பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு மலையில் முட்டுகிறது. மற்ற இடங்களில் மலை அதை நிறுத்திவிடும். ஆரியங்காவுப் பக்கம் மலை தணிந்திருப்பதால், அந்தக் கணவாய் வழியாக மிச்சமிருக்கும் ஈரம் இந்தப் பக்கம் வழிந்துவிடுகிறது. செங்கோட்டையில் மழையாகப் பெய்வது, இலஞ்சியில் சாரலாகிறது. தென்காசி பஜாரில் சட்டை நனைந்ததா இல்லையா என்று தொட்டுப் பார்க்கிற அளவுக்கு மெலிகிறது. பாவூர்சத்திரம் தாண்டினால் பெரும்பாலும் வெறும் காற்று. மலையை விட்டு ஒவ்வொரு மைல் விலக விலக வேறொரு ஊர் மாதிரிதான். வீடு தேடுகிறவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய வரைபடம் இதுதான்.

முதலில் தென்காசி டவுன். 2011 கணக்கெடுப்பில் எழுபதாயிரத்துச் சொச்சம் பேர். நடுவில் காசி விசுவநாதர் கோயில். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. அதன் ராஜகோபுரம் 1924-இல் சிதைந்து, அறுபது வருஷத்துக்கு மேல் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இன்று நாம் பார்க்கிற சுமார் 180 அடிக் கோபுரம் 1990-இல் குடமுழுக்குக் கண்டது. சாரல் அடிக்கிற சீசன் மாதங்களில் அந்தக் கோபுர வாசலில் நுழைந்து பாருங்கள், காற்று ஆளைத் தள்ளும். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடு கிடைத்தால் காய்கறி, மருந்து, டாக்டர், ரயில் எல்லாம் நடை தூரம். செங்கோட்டையில் சாயங்காலம் புறப்படும் பொதிகை எக்ஸ்பிரசில் தென்காசியில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. வயதானவர்களுக்கும், வாரக் கடைசியில் ஊருக்குப் போகிற உத்தியோகஸ்தர்களுக்கும் டவுன்தான் சரி. ஆனால் பழைய வீடுகள் நீளவாட்டில் போகும்; பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒரே கோட்டில். காற்று முன்வாசலோடு நின்றுவிடும். காரும் தெருவில்தான் நிற்கும். கார் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

டவுனை விட்டுக் குற்றாலம் சாலையில் போனால் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அந்த நூலுக்காக மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயர். ஒரு நூலுக்கு நிலம் கிடைத்த ஊரில் இப்போது சென்ட் கணக்கில் பேரம் நடக்கிறது! புதுக் குடியிருப்புகள், மாடி வீடுகள், வாசலில் கார் நிறுத்த இடம் என்று எல்லாம் உண்டு. குறை ஒன்றுதான்: சீசன் சனி, ஞாயிறுகளில் மலைக்குப் போகிற கூட்டமெல்லாம் அந்தச் சாலையில்தான் போகும். பால் வாங்கப் போனவர் சாலையைக் குறுக்கே கடக்கக் காத்து நிற்க வேண்டியதுதான்.

இனி இலஞ்சி. தென்காசிக்கு மேற்கே, செங்கோட்டை போகிற வழியில். தெற்கே மூன்று நான்கு கிலோமீட்டரில் குற்றாலம். பேரூராட்சிதான், ஆனால் கிராமத்தின் நடை இன்னும் மாறவில்லை. சிற்றாற்றங்கரையில் திருவிலஞ்சிக் குமாரர் கோயில். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். முகூர்த்த நாளில் போனால் நாதஸ்வரச் சத்தம்தான் வழிகாட்டி.

இந்தக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. குற்றாலத்தில் அப்போது பெருமாள் கோயில். சிவனடியாராகப் போன அகத்தியரை உள்ளே விடவில்லை. அவர் இலஞ்சிக்கு வந்து, ஆற்று மணலில் லிங்கம் பிடித்து வைத்து வணங்கினார். பிறகு குமரன் சொன்ன யோசனைப்படி வைணவ வேடத்தில் போய்க் காரியத்தை முடித்தார் என்கிறது தலபுராணம். வேலை குற்றாலத்தில், இருப்பு இலஞ்சியில் என்று முதன்முதலில் ஏற்பாடு செய்துகொண்டவர் அகத்தியர்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

கோயிலை விட்டுக் கொஞ்சம் விலகினால் வயல். ஆனி, ஆடியில் கார் நெல். ஐப்பசி மழையோடு பிசானம். வரப்பில் தென்னை. மேற்கே திரும்பினால் மலை. உச்சியில் மேகம் இறங்கியிருந்தால் அரைமணியில் சாரல் வரும் என்று ஊர்ப்பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். இராத்திரி தவளைச் சத்தம் இருக்கிறதே, பட்டணத்திலிருந்து வந்தவர்களுக்கு முதல் வாரம் தூக்கம் வராது. அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வராது.

வீடு பார்க்கப் போன என்னைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி கேட்டது நினைவிருக்கிறது. "தம்பி, சித்திரையில வந்து வீடு பாக்கியளே? சித்திரையில எல்லா வீடும் நல்ல வீடுதான். ஆடியில வந்து மேல்புறத்துச் சுவரைத் தொட்டுப் பாருங்க."

தொட்டால் தெரியும். காற்றும் சாரலும் மேற்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கச் சுவர்தான் முழு ஈரத்தையும் குடிக்கும். பூச்சு சரியில்லை என்றால் உள்பக்கம் சுண்ணாம்பு பொரிந்து உதிரும். பீரோவை அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தால் பட்டுப்புடவையில் பூசணம் பூக்கும். உப்பு ஜாடியில் நீர் விடும், அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமத்துப்போகும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கிற பழக்கம் இங்கே சும்மா வரவில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய பாடு பள்ளிச் சீருடை. பள்ளி திறப்பதும் சீசன் தொடங்குவதும் ஒரே மாதம். துவைத்தது காயாது, அடுக்களையில் அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காய வைத்து, காலையில் இஸ்திரிப் பெட்டியால் மிச்ச ஈரத்தை எடுத்து அனுப்புவார்கள். பிள்ளைக்கு இரண்டு செட் போதாது, மூன்றாவது ஒன்று தைத்துவிடுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, நான் இலஞ்சிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். குளிர்ச்சி இருக்கிறது, குற்றாலத்துக் கூட்டம் இல்லை. மருந்துக்கோ ரயிலுக்கோ தென்காசி கால்மணி நேரம். மூட்டுவலி, ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் இரண்டு தடவை யோசியுங்கள். டவுனுக்குக் கிழக்கே காய்ந்த பக்கமாகப் பார்ப்பது அவர்களுக்கு நல்லது.

குற்றாலத்திலேயே குடியிருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் அங்கேதான் குடியிருந்தார். 1954-இல் மறைந்ததும் அங்கேதான். ஆனால் அவர் காலத்துக் குற்றாலம் வேறு. இப்போது சீசனில் ஒரு கூட்டம், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள் கூட்டம். நாள்வாடகைக்கு விட்டால் நல்ல காசு பார்க்கலாம் என்பதால், மாத வாடகைக்கு விட மனம் வருகிறவர்கள் குறைவு. 1964-இல் தொடங்கிய பராசக்தி மகளிர் கல்லூரியில் வேலை என்றால் மட்டும் தேடிப் பாருங்கள்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். அதன் நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரையை இன்றும் காணலாம். பழைய எல்லையில் இருக்கும் பிரானூரை 'பார்டர்' என்றே சொல்கிறோம். மர அறுவை மில்லும் பரோட்டாக் கடையும் அங்கே பிரசித்தம். பரோட்டாவுக்குப் போய்வாருங்கள். குடிபோவதாக இருந்தால், புளியரைச் சோதனைச் சாவடியை நோக்கி இராப்பகலாகப் போகிற லாரிச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறதா என்று இராத்திரி ஒருதடவை நின்று பாருங்கள்.

வாடகைக்கு இல்லை, மனை வாங்கிக் கட்டப்போகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலஞ்சியிலும் மேலகரத்திலும் விற்பனைக்கு வருகிற மனைகளில் நேற்றுவரை நெல் விளைந்தவையும் உண்டு. செம்மண் அடித்து மேடாக்கிக் கல் நட்டுவிட்டால் வாய்க்கால் போன தடம் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அப்ரூவல் கேளுங்கள். அப்ரூவல் இல்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையானதா, முறைப்படுத்தப்பட்டதா என்று தாள் கேளுங்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் வாங்கிப் பாருங்கள், ஓடையும் வாய்க்காலும் அதில் இருக்கும். மலையில் பெய்கிற மழை ஊரில் இருக்கிறவனுக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி ஒரு பள்ளி மாணவன் உயிர் போனது அப்படித்தான். ஆற்றங்கரை மனை என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னால், ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எதுவரை வரும் என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். அவருக்குக் கமிஷன் கிடையாது.

ஆகவே ஆடியில் வாருங்கள். அந்த மாதம் குற்றாலத்தில் ரூம் வாடகை எக்கச்சக்கம். தென்காசி ஸ்டேஷன் பக்கம் தங்கிக்கொண்டு, காலை டவுன் பஸ்ஸில் இலஞ்சிக்குப் போய் இறங்கி, டீக்கடையில் விசாரியுங்கள். குடை கொண்டுவந்தால் காற்றில் மடங்கிவிடும், தலைக்கு ஒரு துண்டு போதும்.