மர்மப் படமும் முத்துச் சிப்பியும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என நீளும் கரையிலே முத்துச் சலாபம் நடந்த காலங்களில், நாள்தோறும் மாலையில் ஓர் ஏலம் நடைபெறும். அன்று குளித்தெடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, எஞ்சியது குளியாளிகளுக்கு. அரசாங்கத்தின் பங்கை ஆயிரம் ஆயிரமாகக் கூறிட்டு ஏலத்தில் விற்பார்கள். வாங்குகிறவன் சிப்பியைத் திறந்து பார்த்து வாங்குவதில்லை. மூடிய சிப்பிக்கே விலை. வாங்கியதைக் குவித்து, அழுகும்வரை காத்திருந்து, நாற்றத்தையும் ஈயையும் பொறுத்துக்கொண்டு, அதன்பின் கழுவித்தான் உள்ளே இருப்பது என்னவென்று காணவேண்டும். 1905ஆம் ஆண்டுச் சலாபம் பெருஞ்செல்வத்தை அள்ளித் தந்தது. அதை நம்பி 1906இல் முத்துப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியோ 1912இல் கலைக்கப்பட்டது.

துப்பறியும் படத்துக்குச் சீட்டு வாங்குகிறவனும் இந்த ஏலக்காரனைப் போன்றவனே. உள்ளே இருப்பது தெரியாமலே காசு கொடுக்கிறான். இரண்டரை மணி நேரம் பொறுமையோடு காத்திருக்கிறான். முத்து கிடைக்காமற் போனால் அவன் வருந்துவான், ஆனால் கோபிக்கமாட்டான். அவனுக்குக் கோபம் வருவது, சிப்பிக்குள் விளையாத ஒன்றை வெளியிலிருந்து செருகிவிட்டு, "இதோ முத்து" என்று நீட்டும்போதுதான். முத்து சிப்பியின் உள்ளேயே படலம் படலமாகப் படிந்து வளர்கிறது. கடைசிச் சுருளிலே வெளிப்படும் உண்மையும் முதற் சுருளிலிருந்தே அவ்வாறு வளர்ந்து வந்திருக்கவேண்டும் அன்றோ?

தமிழிலே இறுதித் திருப்பத்துக்குப் பெயர்பெற்ற படம் "புதிய பறவை". சிவாஜி பிலிம்ஸ் நிறுவனத்தின் முதல் தயாரிப்பாக, தாதா மிராசியின் இயக்கத்தில், 1964 செப்டம்பரில் வெளிவந்தது. சிங்கப்பூரிலிருந்து வரும் கப்பலில் கதை தொடங்குகிறது. அப்பொழுது தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. ஆதலின் கப்பலில் முகமறியாதார் நண்பராவதும், கரை இறங்கியபின் உறவு தொடர்வதும் மன்னார்க் கரையாருக்குப் புதுமையல்ல.

கோபால் என்னும் செல்வந்தன் கப்பலிலே லதாவையும் அவள் தந்தையையும் சந்திக்கிறான். அவர்களைத் தன் நீலகிரி மாளிகைக்கு அழைத்துச் செல்கிறான். இரயில் ஓடுவதைக் கண்டால் மட்டும் அவன் நடுங்குகிறான். முன்னொரு மனைவி இருந்தாள், சித்ரா என்று பெயர், இரயிலில் விழுந்து மாண்டாள் என்று லதாவிடம் சொல்லி ஆறுதல் பெறுகிறான். இருவருக்கும் நிச்சயதார்த்தம் நடக்கையில், "நானே சித்ரா" என்று ஒருத்தி மாமனுடன் வந்து நிற்கிறாள். இதன்பின் வரும் பகுதி தமிழ்த் திரையின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. செத்தவள் செத்தவளே என்று அவன் நிறுவ முயலும் ஒவ்வொரு முறையும் சான்று அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. சௌகார் ஜானகியின் அலட்சியப் பார்வையும், எம். ஆர். ராதாவின் இழுத்த குரலும் மாளிகையையே சிறைக்கூடமாக்கிவிடுகின்றன. சொத்தைப் பறிக்க வந்த கூட்டம் இது என்று நாம் கோபாலுக்காகப் பதறுகிறோம். பதறவைத்து ஏமாற்றியதிலே குறையில்லை, திறமையே உண்டு.

குறை அதற்கு அடுத்த பத்து நிமிடத்தில் வருகிறது. வேறு வழியின்றிக் கோபால் உண்மையைக் கக்குகிறான். சித்ரா தற்கொலை செய்யவில்லை. அவன் அறைந்ததால் மாண்டாள். உடலைத் தண்டவாளத்தில் கிடத்தியவன் அவனே. உடனே மாமனும், புதிய சித்ராவும், லதாவும், அவள் தந்தையும் பொலிசார் என்பது வெளியாகிறது. இந்தத் திருப்பத்துக்கு மூலம் 1958இல் வந்த "சேஸ் எ குறூக்கட் ஷாடோ" என்னும் ஆங்கிலப் படம். அது வங்காளத்திலே 1963இல் "சேஷ் அங்கோ", அதாவது கடைசி அங்கம், என்ற பெயரில் கணவன் மனைவி கதையாக மாறி, அங்கிருந்து தமிழுக்கு வந்தது. ஆங்கிலப் படத்தின் குற்றவாளி ஒரு பெண். தமையனைத் திட்டமிட்டுக் கொன்றவள். நெஞ்சழுத்தம் மிக்க அத்தகைய கொலையாளியைப் பிடிக்க அத்தகைய பொறி வேண்டும் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். தமிழிலோ கதாநாயகன் சிவாஜி கணேசன். அவர் கொலைகாரராக முடியுமா? ஆகவே ஓர் அறை. அவளுக்கோ இருதயம் பலவீனம். கொலை விபத்தாகச் சுருங்கிவிட்டது. பொறி மட்டும் சுருங்கவில்லை. இறந்தவளைப் போன்ற ஒருத்தி, போலித் தந்தை, போலி மாமன், கப்பற் பயணம், நிச்சயதார்த்தம் எல்லாம் ஓர் அறைக்காகவா என்ற கேள்வி படமாளிகையை விட்டு வெளியேறும்போதே எழுகிறது. போதாக்குறைக்கு லதா, உளவு பார்க்க வந்த இடத்தில் உண்மையாகவே காதல் கொண்டதாகக் கண்ணீர் விடுகிறாள். நாயகன் தண்டனை பெற்றாலும் அன்பை இழக்கலாகாது என்பது படவுலக நியதி.

இன்னொன்றும் உண்டு. பொலிஸ் அதிகாரியிடம் ஒருவன் செய்த ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று அந்நாளில் கூறியது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. நீதிமன்ற வாசலிலே வழக்குக்குக் காத்துநிற்கும் எவரும் இதைக் கேட்டுவிடுவார். இத்தனை அதிகாரிகள் இத்தனை நாள் நாடகமாடிப் பெற்ற ஒப்புதலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

நடிகரின் புகழ் கதையின் முடிவைத் தின்னும் நோய் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அல்பிரட் ஹிட்ச்கொக்கின் "சஸ்பிஷன்" 1941இல் வந்தது. கணவன் தன்னைக் கொல்லப்போகிறான் என்று மனைவி அஞ்சுகிறாள். அவன் இருண்ட படிக்கட்டில் பாற்கோப்பையுடன் ஏறிவருகிறான். பாலுக்குள் ஒரு மின்விளக்கை வைத்து அது ஒளிரும்படி படமெடுத்தார் ஹிட்ச்கொக். மூலநாவலில் அவன் கொலைகாரனே. படத்திலே கடைசி நிமிடங்களில், எல்லாம் அவளுடைய வீண் ஐயம் என்று முடித்துவிட்டார்கள். கேரி கிராண்டைக் கொலைகாரராகக் காட்டப் படநிறுவனம் இசையவில்லை என்று ஹிட்ச்கொக் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். அந்தப் பால் வெறும் பாலென்றால், அதற்குள் விளக்கு எதற்கு?

முடிவை வெளியிலிருந்து கொணரும் இடர் திரைப்படத்துக்கும் முந்தியது. இலங்கை முத்துக்குளிப்போரைப் பற்றிப் பிசே என்னும் பிரெஞ்சு இசைவாணர் அமைத்த இசைநாடகம் 1863இல் பாரிஸிலே அரங்கேறிற்று. முதலில் மெக்சிக்கோவில் நடப்பதாக எழுதப்பட்ட கதை அது. பிறகே இலங்கைக்கு மாறிற்று. எப்படி முடிப்பது என்று தெரியாமல் ஆசிரியர்கள் திண்டாடியபோது, சலித்துப்போன அரங்கத் தலைவர் "தீயிலே போடுங்கள்" என்றாராம். அதனாலேயே கடைசியில் முத்துக்குளிப்போர் குடியிருப்பு பற்றி எரிகிறது என்று ஒரு கதை வழங்குகிறது. பிசே மறைந்தபின் பிறர் அந்த முடிவையும் மாற்றினார்கள். சிலாவத்துறைக் குளியாளி அதைக் கண்டிருந்தால், தீயைவிடச் சுறாவே பொருத்தம் என்றிருப்பான்.

இவற்றோடு ஒப்பிடத் தக்கது 1954 ஏப்ரலில் ஏ. வி. எம். நிறுவனம் வெளியிட்ட "அந்த நாள்". இயக்கியவர் எஸ். பாலசந்தர், திரைக்கதை ஜாவர் சீதாராமனுடையது. ஒரு பாட்டில்லை, ஒரு நடனமில்லை. 1943 அக்டோபரிலே சென்னையில் யப்பானியர் குண்டு வீசிய சமயம், ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அயல்வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி எனப் பலர்மீதும் ஐயம் படர்கிறது. ஒவ்வொருவர் கதையிலும் ராஜன் வேறொரு முகத்தோடு தோன்றுகிறான். பொறியியலாளன் தன் அறிவைப் பகைவருக்கு விற்றவன் என்பதும், மனைவி உஷா நாட்டுப் பற்றிலே தோய்ந்தவள் என்பதும் நமக்கு முன்னரே சிறிது சிறிதாகக் காட்டப்பட்டவை. ஆகவே அவள் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைக் குடித்தது என்று தெரியும்போது வியப்பும் உண்டாகிறது, "வேறெப்படி நடந்திருக்கும்?" என்ற எண்ணமும் உண்டாகிறது. பண்டரிபாயின் அடக்கமான நடிப்பு முதற் காட்சியிலிருந்தே அந்த முடிவைச் சுமந்து வந்திருப்பதை இரண்டாம் முறை பார்க்கிறவர் உணர்வார்.

வெளிவந்தபோது "அந்த நாள்" வசூலிலே சிறக்கவில்லை. பாடலில்லாப் படமா என்று முகஞ்சுளித்தவர் பலர். அந்தத் துரோகி ராஜனாக நடித்தவரும் சிவாஜி கணேசனே. அப்போது அவர் திரைக்கு வந்து இரண்டாண்டுகூட ஆகியிருக்கவில்லை.